டென்டுக்குள் 36 டிகிரி: பெரிய ஃபேன் வாங்கினால் தீருமா?

கேள்வி | பிப்ரவரி 11, காலை 7.20

வீட்டுக்குள் செடி வளர்க்கும் துணி டென்ட், 120 × 120 × 200 செ.மீ. 480 வாட் எல்.இ.டி. விளக்கு, காலை 6 முதல் இரவு 10 வரை எரிகிறது. 6 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன், மணிக்கு 680 கன மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. மேலே வாசனையை அடக்கும் கார்பன் ஃபில்டர். உள்ளே மிளகாய், பேசில், ஒரு வரிசை லெட்யூஸ். மதியம் டென்டுக்குள் 36 டிகிரி, வெளியே அறையில் 30. லெட்யூஸ் உள்ளிலைகளின் நுனி கருகுகிறது. ஃபேன் போதவில்லை என்பது தெளிவு. 8 இன்ச்சுக்கு மாறப் போகிறேன். எந்த மாதிரி எடுக்கலாம்?

பிப்ரவரி 11, காலை 9.05

இப்போது எதுவும் வாங்காதீர்கள். உங்கள் எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

விளக்கு இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் டென்டுக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. செடி ஒளிச்சேர்க்கையில் பிடித்துவைப்பது சில சதவீதமே. எல்.இ.டி. என்பதால் சூடு குறைவு என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 480 வாட் எந்த வகை விளக்கில் எரிந்தாலும் 480 வாட்தான். எல்.இ.டி.யின் ஆதாயம், அதே ஒளியைக் குறைந்த வாட்டில் தருவது. உள்ளே காற்றைச் சுழற்றும் சிறு கிளிப் ஃபேன்களுக்கு 40 வாட் சேர்த்தால் மொத்தம் 520.

கணக்கு எளிது. வாட்டை 3-ஆல் பெருக்கி, அனுமதிக்கும் வெப்ப வித்தியாசத்தால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று மாற வேண்டும் என்று கிடைக்கும். அறையைவிட டென்ட் 4 டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்றால் 520 × 3 ÷ 4 = 390. சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) கணக்கில் பழகியவர்கள் 1.7-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 230 வரும்.

இதைத் திருப்பிப் போடுங்கள். உங்களுக்கு வித்தியாசம் 6 டிகிரி. 520 × 3 ÷ 6 = 260. அதாவது 680 என்று எழுதியிருக்கும் ஃபேன் 260தான் தள்ளுகிறது. மீதி 420 எங்கே போயிற்று என்று தேடுவதுதான் முதல் வேலை. 8 இன்ச் போட்டாலும் அதே அடைப்பின் வழியாகத்தான் அது இழுக்கும்.

பிப்ரவரி 11, காலை 9.30

முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. எக்ஸாஸ்ட் காற்று எங்கே போய் விழுகிறது? டென்ட் இருக்கும் அதே அறையிலா? விளக்கு போடும் முன் அறையில் எத்தனை டிகிரி?

கேள்வி கேட்டவர் | பிப்ரவரி 11, இரவு 8.15

அதே அறையில்தான், டென்டுக்கு மேலேயே விடுகிறேன். கதவு, ஜன்னல் மூடியிருக்கும். காலை 6 மணிக்கு அறையில் 26. ஃபேனும் விளக்கும் ஒரே டைமரில் இருக்கின்றன. டென்டின் பக்கச் சுவர்கள் நன்றாக உள்ளே ஒட்டி, செடியைத் தொடுகின்றன. நெகடிவ் பிரஷர் (வெளியைவிட உள்ளே காற்றழுத்தம் குறைவு) இருந்தால் நல்லது என்றார்களே?

பிப்ரவரி 11, இரவு 9.40

நீங்கள் சொன்னதில் மூன்று கோளாறு தெரிகிறது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

காற்றோட்டத்தால் டென்டை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகவே முடியாது. எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் அதுதான் எல்லை. நீங்கள் 520 வாட்டையும் மூடிய அறைக்குள் கொட்டி, அதே காற்றைத் திரும்ப உள்ளே இழுக்கிறீர்கள். அறை 26-லிருந்து 30-க்கு ஏறியதற்கு அதுவே காரணம். 36-க்கும் 26-க்கும் நடுவே உள்ள 10 டிகிரியில் 4 டிகிரி அறையின் பங்கு, 6 டிகிரி டென்டின் பங்கு. புது ஃபேன் அந்த 6-ஐ மட்டும்தான் தொடும். டக்ட் (ஃபேனிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் குழாய்) அறையை விட்டு வெளியே போக வேண்டும். ஜன்னல் சட்டத்தில் பலகை பொருத்தி வட்டத் துளை போட்டால் போதும். வெளியே தள்ளும் அளவுக்கு அறைக்குள் காற்று வர வழியும் வேண்டும். கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சுவர் உள்ளே ஒட்டுவது நல்லதல்ல. நெகடிவ் பிரஷர் லேசாக இருந்தால் போதும். துணி சற்றே உள்வளைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். செடியைத் தொடும் அளவுக்கு இழுத்தால் ஃபேன் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். காற்று வரும் வாய் போதவில்லை.

6 இன்ச் டக்டின் வாய் ஏறத்தாழ 177 சதுர செ.மீ. விசிறி இல்லாமல் தானாகக் காற்று வரும் வாய்க்கு அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு பரப்பு வேண்டும். பூச்சி வலை இருந்தால் அளந்த பரப்பில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கீழே எத்தனை வலை ஜன்னல் திறந்திருக்கிறது?

மூன்றாவது, ஒரே டைமர். அதை நாளை எழுதுகிறேன். உங்கள் செடிகளுக்கு அதுதான் இருப்பதில் பெரிய ஆபத்து. இன்றிரவே ஃபேனைத் தனி பிளக்கில் மாற்றி, விடியும்வரை ஓடவிடுங்கள்.

பிப்ரவரி 12, காலை 6.50

டைமர் விஷயம்.

விளக்கு அணைந்ததும் செடி நீராவி விடுவதை நிறுத்தாது. குறையும், நிற்காது. தொட்டி மண்ணும் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு 8 மணி நேரத்தில் 1 லிட்டர் என்று வையுங்கள், மணிக்கு 125 கிராம். உங்கள் டென்டின் கொள்ளளவு 2.88 கன மீட்டர். 24 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 21.8 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 60% இருக்கும்போது ஃபேன் நின்றால் மீதி இடம் கன மீட்டருக்கு 8.7 கிராம், மொத்த டென்டுக்கும் 25 கிராம். மணிக்கு 125 கிராம் வருகிற இடத்தில் 25 கிராம் என்பது 12 நிமிடம். துணி வழியாகக் கொஞ்சம் கசியும், காற்று நிறைய நிறைய இலை விடுவதும் மந்தமாகும், ஆகையால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனாலும் அரை மணிக்குள் 95%-ஐத் தொடுவதை எந்த மீட்டரிலும் பார்க்கலாம்.

அதன் பிறகு இலைமேல் ஈரம் படியும். சாம்பல் பூஞ்சைக்கு அதுதான் வாசல். பேசிலின் அடித்தண்டு கருத்து விழுவதும் பெரும்பாலும் இப்படித் தொடங்குவதுதான்.

இரவில் ஃபேன் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. உள்ளே சுழலும் கிளிப் ஃபேன் 24 மணி நேரமும் ஓட வேண்டும்.

கேள்வி கேட்டவர் | பிப்ரவரி 13, இரவு 7.30

கீழே இரண்டு வலை ஜன்னல், 15 × 20 செ.மீ. அதில் ஒன்றுதான் திறந்திருந்தது. இன்னொன்று சுவரை ஒட்டி மூடிக் கிடந்தது. டக்ட் 3 மீட்டர் நீளம், மடித்துச் சுருக்கி முக்கால் மீட்டரில் அடைத்திருந்தேன். காற்று வேக மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். டக்ட் வாயில் நொடிக்கு 2.8 மீட்டர் காட்டுகிறது. செடிகளுக்குத் தினமும் 5 லிட்டர் தண்ணீர், தட்டில் எதுவும் வடியாது.

பிப்ரவரி 13, இரவு 8.45

அருமை. அளந்து பேசினால் வேலை பாதியாகக் குறையும்.

0.0177 சதுர மீட்டர் × 2.8 = நொடிக்கு 0.0496 கன மீட்டர். மணிக்கு 178. நான் 260 என்று சொன்னேன். 178 தள்ளும் ஃபேனுக்கு 520 வாட் கொடுத்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட 9 டிகிரி வர வேண்டும். உங்களுக்கு 6தான். மீதியைச் செடிகள் எடுத்துக்கொண்டன, அதை நான் கணக்கில் விட்டுவிட்டேன்.

ஆகவே முதல் பதிவுக்குத் திருத்தம். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 0.68 யூனிட் வெப்பம் உறிஞ்சப்படும். 5 லிட்டரில் 4 லிட்டர் வெளிச்ச நேரத்தில் போகிறது என்றால் 2.7 யூனிட், 16 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 170 வாட். இந்த 170 வாட் வெப்பமானியில் தெரியாது. நீராவிக்குள் உள்ளுறை வெப்பமாக ஒளிந்து வெளியே போகிறது. தெர்மாமீட்டரை ஏற்றுவது 350 வாட் மட்டும். 350 × 3 ÷ 178 = 5.9. உங்கள் 6 டிகிரி அப்படியே வந்து நிற்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம். செடி பெரிதாகப் பெரிதாக டென்ட் குளிரும், ஈரம் கூடும். நாற்று மட்டும் இருக்கும்போது அதே விளக்கு டென்டை அதிகம் சூடாக்கும். சின்ன நாற்றுக்கு முழு வெளிச்சமும் தேவையில்லை, அப்போது விளக்கை மங்கலாக்கி வைப்பது இரண்டு வகையில் நல்லது.

பிப்ரவரி 13, இரவு 9.20

உங்கள் உள்வாய் 15 × 20 = 300 சதுர செ.மீ., வலை போக 150. எக்ஸாஸ்ட் வாய் 177. வருவதைவிடப் போகும் வழி பெரிது, சுவர் ஒட்டியதற்கு விளக்கம் இதுதான்.

செய்ய வேண்டிய வரிசை:

இரண்டாவது ஜன்னலையும் திறந்து, டென்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். போதாவிட்டால் கீழே உள்ள டக்ட் துளை ஒன்றையும் திறந்து, வெளிச்சம் கசியாதபடி கறுப்பு டக்டை வளைத்துச் செருகுங்கள்.

டக்டைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சுருங்கிய டக்டின் உள்பக்கம் முழுக்க மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் காற்று மோதிச் சுழலும். டக்ட் விறைப்பாக இருப்பதில் கிடைக்கும் லாபத்தைப் பலரும் நம்புவதில்லை, செய்து அளந்து பாருங்கள். 90 டிகிரி மடக்குக்குப் பதில் பெரிய வளைவு.

கார்பன் ஃபில்டரின்மேல் உள்ள வெள்ளை உறையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தால் துவைத்துக் காயவைத்து மாட்டுங்கள். மிளகாய்க்கும் பேசிலுக்கும் வாசனையை அடக்கும் தேவை இல்லையென்றால் கார்பன் ஃபில்டரே வேண்டாம். வலை மட்டும் கட்டிவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் செய்த பிறகு டக்ட் வாயில் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

பிப்ரவரி 14, காலை 10.10

இன்னொரு உறுப்பினர் கேட்டது: ஏ.சி. போட்டுவிடலாமே?

போடலாம், அறைக்கு. 520 வாட் என்பது, ஏ.சி. திறனை அளக்கும் பி.டி.யு. கணக்கில், மணிக்கு 1,775. 1 டன் ஏ.சி. 12,000 பி.டி.யு. டென்டின் சுமை அதில் ஏழில் ஒரு பங்கு, ஆகவே ஏ.சி. அளவைத் தீர்மானிப்பது அறையும் வெயிலும்தான், டென்ட் இல்லை. அளவுக்கு மீறிய ஏ.சி. சட்டென்று குளிர்த்துவிட்டு நின்றுவிடும். கம்பிச்சுருளில் நீர் ஒடுங்கி வடிவதற்குள் கம்ப்ரஸர் அணைந்தால், அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருக்கும். இன்வெர்ட்டர் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

ஏ.சி. குளிர்த்த காற்றை எக்ஸாஸ்ட் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் மின்சாரம் வீண். ஏ.சி. ஓடும்போது எக்ஸாஸ்டை அறைக்குள்ளேயே விடலாம். மேலே நான் சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. ஆனால் அறையை முழுக்க அடைத்துவிட்டால் கரியமில வாயு தீரும். வெளிக்காற்றில் அது சுமார் 420 பி.பி.எம். இலை நிறைந்த அடைத்த அறையில் வெளிச்ச நேரத்தில் பாதிக்கும் கீழே இறங்கும், வளர்ச்சி மந்தமாகும். கொஞ்சம் புதுக்காற்று எப்போதும் வேண்டும்.

ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏ.சி. வேண்டாம். அது அறைக் காற்றையே இழுத்துத் தன் சூட்டோடு வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப வெளி வெப்பம் ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து வரும்.

பிப்ரவரி 14, பிற்பகல் 3.00

ஈரப்பதம் நீக்கும் இயந்திரத்தை டென்டுக்குள் வைத்தவர்களுக்கு. அது நீராவியைத் தண்ணீராக்கும்போது செடி ஒளித்துவைத்த வெப்பத்தையெல்லாம் திருப்பிக் காற்றில் விடுகிறது. 250 வாட் இயந்திரம் மணிக்கு அரை லிட்டர் எடுத்தால், தன் 250 வாட்டோடு இன்னொரு 340 சேர்த்து 590 வாட் ஹீட்டராக நிற்கிறது. உங்கள் விளக்கைவிடப் பெரியது! இரவில் இது வரம், பகலில் தொல்லை. டென்டுக்கு வெளியே, அறையில் வையுங்கள். ஹ்யூமிடிஸ்டாட் (ஈரப்பதம் பார்த்து இயக்கும் சுவிட்ச்) போட்டு இரவில் மட்டும் ஓடவிடுங்கள்.

ஈரத்துணி, கூலர் யோசனையும் வந்திருக்கிறது. காற்று வறண்டிருந்தால் மட்டும் பயன். ஏற்கெனவே 65, 70% ஈரமுள்ள காற்றில் இரண்டு, மூன்று டிகிரி குறையும், பதிலுக்குப் பூஞ்சை வரும்.

கேள்வி கேட்டவர் | பிப்ரவரி 16, மாலை 6.20

வரிசையாகச் செய்தேன். டக்ட் வாயில், இரண்டு ஜன்னலும் திறந்தபின் நொடிக்கு 3.9 மீட்டர். டக்ட் வெட்டியபின் 4.8. ஃபில்டரைக் கழற்றியதும் 6.1. சுவர் இப்போது லேசாக மட்டும் வளைகிறது. எக்ஸாஸ்ட் ஜன்னல் வழியே வெளியே போகிறது. மதியம் அறை 27, டென்ட் 30. ஆனால் மீட்டரில் ஈரப்பதம் 78% காட்டுகிறது, இலை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. லெட்யூஸ் நுனி இன்னும் கருகுகிறது.

பிப்ரவரி 16, இரவு 8.00

நொடிக்கு 6.1 மீட்டர் என்றால் மணிக்கு 389 கன மீட்டர். 350 × 3 ÷ 389 = 2.7 டிகிரி. சரியாக வந்திருக்கிறது. அதே ஃபேன்தான்!

78% மேல் எனக்குச் சந்தேகம். மீட்டர் எங்கே தொங்குகிறது? விளக்கின் நேர் கீழே இருந்தால் வெப்பநிலையே மூன்று, நான்கு டிகிரி தப்பாகக் காட்டும். செடியின் உச்சி மட்டத்தில், மேலே சிறு அட்டை நிழல் போட்டு, காற்று படும்படி தொங்கவிட வேண்டும்.

ஈரப்பதத்தைச் சோதிக்க உப்பு போதும். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்து தண்ணீராகத் தேங்கக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் பையில் வைத்து, மீட்டர்மேல் உப்பு படாமல் பார்த்து, 10, 12 மணி நேரம் விடுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் உள்ளே 75% இருக்கும். மீட்டர் 85 காட்டினால் இனி எப்போதும் 10 கழியுங்கள்.

பிப்ரவரி 17, காலை 7.15

லெட்யூஸ் விஷயம் தனி. அது சூட்டினால் மட்டும் வருவதல்ல. உரத்தில் கால்சியம் குறைவு என்று எண்ணி ஊற்றுவதும் வீண். கால்சியம் நீரோடு ஏறி, நீராவி போகும் இடத்துக்குத்தான் போய்ச் சேரும். குருத்துக்குள் மடங்கியிருக்கும் இளம் இலையைச் சுற்றிக் காற்று அசையாமல் ஈரமாக நின்றால், அங்கே நீராவிப்போக்கு இல்லை, கால்சியமும் வராது, நுனி கருகும். வெளிச்சம் கூடி வேகமாக வளர வளர இது மோசமாகும்.

மருந்து, குருத்தின்மேல் நேர் மேலிருந்து இறங்கும் காற்று. கார்னெல் பல்கலைக்கழகத்தின் லெட்யூஸ் வளர்ப்பு முறையில் பகல் 24, இரவு 19 டிகிரி. செடிகளுக்கு மேலிருந்து காற்றைக் கீழே இறக்கும் விசிறி வைத்ததால்தான் சதுர மீட்டருக்கு நாளுக்கு 17 மோல் ஒளி வரை கருகல் இல்லாமல் தர முடிந்தது. உங்கள் கிளிப் ஃபேன் பக்கவாட்டில் வீசினால் மேல் இலைகளைத் தடவிவிட்டுப் போய்விடும். அதை மேலே கட்டிச் சாய்வாகக் கீழ்நோக்கித் திருப்புங்கள். டிஷ்யூ காகிதத்தில் விரல் அகல நாடா கிழித்துக் குருத்தின்மேல் பிடித்தால், நிற்காமல் லேசாகத் துடிக்க வேண்டும். படபடவென்று அடித்தால் அதிகம். இலை ஓரம் காய்ந்து சுருளும்.

வெளிப்படையாகச் சொன்னால், 30 டிகிரியில் லெட்யூஸ் கசந்து பூத்தண்டு விட்டுவிடும். மிளகாயும் பேசிலும் அதே 30-ல் மகிழ்ச்சியாக இருக்கும். மிளகாய் பூ உதிர்ப்பது 32-க்கு மேல் தொடர்ந்து போனால்தான். இரண்டையும் ஒரே டென்டில் வைத்தால் யாராவது ஒருவர் வருந்தத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர் | பிப்ரவரி 18, காலை 8.00

உப்புச் சோதனையில் மீட்டர் 88 காட்டியது!

பிப்ரவரி 18, காலை 8.40

அப்படியானால் 13 கழித்தால் 65%. பாருங்கள், 30 டிகிரி காற்று, 65%. எல்.இ.டி.யின் கீழ் இலை காற்றைவிட ஒன்று, இரண்டு டிகிரி குளிர்ந்திருக்கும், 28.5 என்று வைத்தால் வி.பி.டி. (இலைக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள நீராவி அழுத்த வித்தியாசம்) 1.1 கிலோபாஸ்கல். வளரும் செடிக்கு 0.8 முதல் 1.2 வரை நல்ல இடம். நீங்கள் அந்த 78%-ஐ நம்பி ஈரம் நீக்கும் இயந்திரம் வாங்கியிருந்தால் பகலில் டென்ட் மீண்டும் கொதித்திருக்கும்.

இலை வெப்பத்தை இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் பார்க்கும்போது டென்டின் வெள்ளி நிற உள்சுவர் அளக்கும் புள்ளிக்குள் விழாதபடி கிட்டே பிடியுங்கள். பளபளப்பான பரப்பு தப்பான எண் காட்டும்.

பிப்ரவரி 18, இரவு 10.30

அடுத்த படி, காசில்லாத படி. விளக்கு நேரத்தைத் திருப்புங்கள். மாலை 6 முதல் காலை 10 வரை. உள்வரும் காற்று இரவில் இரண்டு, மூன்று டிகிரி குறைவு, டென்டும் அவ்வளவு குறையும். மாற்றும் நாளில் ஒரு நீண்ட இருட்டு விழும், செடி தாங்கும். எக்ஸாஸ்ட் டைமரில் இல்லை என்பதை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் குறைக்க விளக்கு டிம்மரைச் சாதாரண மாறுமின் (ஏ.சி.) மோட்டார் ஃபேனில் போடாதீர்கள். ரீங்காரம் கேட்கும், மோட்டார் சூடாகும். அதற்கென உள்ள கட்டுப்படுத்தியோ, இ.சி. மோட்டார் (வேகத்தை மின்னணுவால் கட்டுப்படுத்தும் வகை) ஃபேனோ வேண்டும். பெரிய ஃபேனை வாங்க நியாயமான ஒரே காரணம் சத்தம்: அதே காற்றுக்கு அதை மெதுவாக ஓட்டலாம். வேகம் பாதியானால் காற்று பாதி, மின்சாரம் எட்டில் ஒரு பங்கு.

பிப்ரவரி 21, காலை 6.30

ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் சத்துநீரில் வளர்ப்பு) தொட்டி வைத்திருப்பவர் கேட்டதற்கு. காற்று 30 இருந்தாலும் வேர் நீர் 18 முதல் 22-க்குள் இருந்தால் செடி சமாளிக்கும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9.1 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30-ல் 7.5தான். அதே சூட்டில் வேர் மூச்சுக்கு அதிகம் கேட்கும், பித்தியம் என்ற கிருமியால் வரும் வேர் அழுகலும் வேகம் பிடிக்கும். தொட்டியை டென்டுக்கு வெளியே தரையில் வையுங்கள். மூழ்கு மோட்டாரின் 20 வாட்டும் நீரைத்தான் சூடாக்கும், வெளியே பொருத்தும் மோட்டார் மேல்.

பிப்ரவரி 21, காலை 7.00

எக்ஸாஸ்ட் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. டென்டுக்குள் இருக்கும் காற்று மொத்தம் மூன்றரை கிலோதான். அந்தக் காற்றை மட்டும் சூடாக்க 520 வாட்டுக்கு 7 நொடிக்கு ஒரு டிகிரி. தொட்டி மண்ணும் துணியும் தாங்குவதால் அவ்வளவு வேகமாக ஏறாது, ஆனால் ஆளில்லாத மதியத்தில் செடி வெந்துபோகும். விளக்கின் இணைப்பில் ஒரு தெர்மோஸ்டாட் பிளக் போட்டு, 35-ல் விளக்கு அணையும்படி வையுங்கள். திரும்பத் தானாக எரிவது 29-க்குக் கீழே இறங்கிய பிறகு. இடைவெளி குறைவாக வைத்தால் விளக்கு எரிந்தெரிந்து அணையும், டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) கெடும். வாங்கும்போது அந்த பிளக் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பாருங்கள், எல்.இ.டி. டிரைவர் எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், மலிவான ரிலே ஒட்டிக்கொண்டு அணையாமலே நின்றுவிடும். பொருத்தியபின் சென்சாரை உள்ளங்கையில் மூடிப் பிடித்து, வரம்பைத் தற்காலிகமாக 32-க்கு இறக்கி, விளக்கு உண்மையிலேயே அணைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் | மார்ச் 2, இரவு 9.10

இரவு நேரத்துக்கு மாற்றியாயிற்று. அறை 25, டென்ட் 28. இருட்டு நேரத்தில் ஃபேன் பாதி வேகத்தில், ஈரப்பதம் 70-ஐத் தாண்டவில்லை. லெட்யூஸை வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். புதுக் குருத்தில் கருகல் இல்லை.

மார்ச் 2, இரவு 9.45

வலைத்துணி இரண்டையும் மாதம் ஒருமுறை துவைத்துவிட்டு டக்ட் வாயில் அளந்து எழுதிவையுங்கள். 6.1 இருந்தது 5-க்குக் கீழே வந்தால், எங்கோ அடைத்திருக்கிறது.